அனுமதி வேறு, பணம் வேறு

கார்டு இயந்திரம் ‘அப்ரூவ்டு’ என்று ஸ்லிப் அடிக்கும் நொடியில் பணம் கடைக்கு வந்துவிடுவதில்லை. கடையின் வங்கி எழுப்பும் கேள்வி விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற வலையமைப்பு வழியே அட்டை கொடுத்த வங்கியை எட்டுகிறது. அட்டை செல்லுமா, வரம்பில் இடம் இருக்கிறதா, மோசடியின் சாயல் தெரிகிறதா என்று பார்த்து அந்த வங்கி ஓர் அனுமதி எண்ணை அனுப்புகிறது. கூடவே அத்தொகையை வரம்பிலிருந்தோ கணக்கிலிருந்தோ ஒதுக்கியும் வைக்கிறது. அந்த நொடியில் நடப்பது இவ்வளவுதான்.

பணம் நகர்வது அதற்கடுத்த கட்டத்தில். அன்றைய விற்பனை முழுவதும் ஒரு பேட்ச்சாகக் கடையின் வங்கிக்குப் போய்ச் சேர்ந்த பிறகே வலையமைப்பு வங்கிகளுக்கிடையே கணக்குத் தீர்க்கிறது. பழைய இயந்திரங்களில் இந்தப் பேட்ச்சை அனுப்பக் கடைக்காரர் தாமே செட்டில்மென்ட் போடவேண்டும். மறந்தால் ஸ்லிப் கையில் இருக்கும், கணக்கில் பணம் இருக்காது.

வங்கிக் கவுன்டரில் வரும் குழப்பங்களில் பெரும்பகுதி இந்த இரு கட்டங்களையும் ஒன்றாக நினைப்பதால் விளைகிறது. தவறான தொகையை அடித்துவிட்டதாக அதே நாளில் தெரிந்தால், செட்டில்மென்ட்டுக்கு முன் ‘வாய்டு’ செய்வதே முறை. அப்போது ஒதுக்கிவைத்த தொகை விடுபடுகிறது. செட்டில்மென்ட் முடிந்துவிட்டால் வாய்டு செய்ய வழியில்லை. ரீஃபண்டு என்பது எதிர்த்திசையில் போகும் தனிப் பரிவர்த்தனை, அதற்கும் அதே பாதை, சில நாட்களும் பிடிக்கும். “நாளைக்கே வந்துவிடும்” என்று வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுப்பது தவறு. ரீஃபண்டின் 23 இலக்க ஏ.ஆர்.என். எண்ணைக் கொடுத்தால் அவருடைய வங்கியே அதைத் தேடிக் கண்டுபிடிக்கும். இந்த எண்ணைக் கேட்டால் கிடைக்கும் என்பது கடைக்காரர்கள் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்வது வங்கி ஊழியரின் கடமை.

கணக்கில் பற்று விழுந்தும் கடைக்கு உறுதிச்செய்தி வராமல் போவது வேறு வகை. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, பரிவர்த்தனை நாளை அடுத்த ஐந்து நாட்களுக்குள் அத்தொகை தானாகத் திரும்பவேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. வாடிக்கையாளர் கேட்கும்வரை காத்திருக்கவும் கூடாது.

கடையிடம் வங்கி பிடிக்கும் கமிஷன் கணக்கிலும் ஒரு பிழை திரும்பத் திரும்ப நேர்கிறது. 10,000 ரூபாய் விற்பனைக்கு 2 விழுக்காடு கமிஷன் என்றால் 200 ரூபாய், அதன் மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 36 ரூபாய், கடைக்கு வருவது 9,764. ஏட்டில் விற்பனை 10,000 என்றே ஏறவேண்டும், 236 ரூபாய் தனித் தலைப்பில். கமிஷனின் பெரும்பங்கு கடையின் வங்கிக்கு அல்ல, அட்டை கொடுத்த வங்கிக்குப் போகிறது. டெபிட் கார்டு கமிஷனுக்கு 2018 ஜனவரி முதல் உச்சவரம்பு உண்டு. ரூபே டெபிட் கார்டுக்கு 2020 ஜனவரி முதல் கமிஷனே இல்லை. கிரெடிட் கார்டுக்கு அப்படி உச்சவரம்பு ஏதும் வைக்கப்படவில்லை. டெபிட் கார்டு நீட்டியவரிடமும் “கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் எக்ஸ்ட்ரா” என்று கேட்கும் கடை, கமிஷனை வாடிக்கையாளர் தலையில் ஏற்றக்கூடாது என்ற விதியை மீறுகிறது.

கடைகள் அதிகம் இழப்பது சார்ஜ்பேக்கில். பொருள் வரவில்லை என்றோ, தான் வாங்கவே இல்லை என்றோ வாடிக்கையாளர் மறுத்தால், தொகை கடையின் கணக்கிலிருந்து திரும்ப எடுக்கப்படும். பொருளைக் கொடுத்ததற்கான சான்றைக் கெடுவுக்குள் அனுப்பாத கடை, நியாயம் தன் பக்கம் இருந்தாலும் தோற்றுப்போகும். மறுபுறம், வாடிக்கையாளரின் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் மூன்றாமவரால் நேர்ந்த மோசடியை, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலைநாட்களுக்குள் வாடிக்கையாளர் தெரிவித்துவிட்டால் அவருக்குப் பொறுப்பே இல்லை என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை. அவர்தான் பொறுப்பு என்று மெய்ப்பிக்கும் சுமையும் வங்கியுடையதே.

சான்றுக்காக அட்டை எண்ணையே குறித்துவைக்கும் பழக்கம் சில அலுவலகங்களில் இன்னும் நீடிப்பது கவலைக்குரியது. 2022 அக்டோபர் முதல் இணைய வணிகர்கள் அட்டை விவரங்களைச் சேமிக்கவே கூடாது, அட்டை எண்ணுக்குப் பதிலான டோக்கன்தான். நேரடி விற்பனையிலும் முழு எண்ணுக்குத் தேவை எழுவதில்லை. கடைசி நான்கு இலக்கங்கள், அனுமதி எண், ஸ்லிப்பில் உள்ள 12 இலக்க ஆர்.ஆர்.என். ஆகிய மூன்றும் இருந்தால் எந்தப் பரிவர்த்தனையையும் தேடி எடுத்துவிடலாம்.