சுட்டியைக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்ததா?



“இக்கால மாணவர்களுக்கு நூலகப் படியே தெரியாது. அன்று கூகுள், இன்று செயற்கை நுண்ணறிவு. எல்லாம் சோம்பேறித்தனம்!” அண்மையில் ஓர் ஆசிரியர் கூட்டத்தில் ஒருவர் இப்படி முழங்கினார். மண்டபமே தலையாட்டியது. நானும் ஆட்டினேன். இன்று அதற்காக வெட்கப்படுகிறேன்.

சென்ற மாதம் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டிற்கு வந்தான். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. தமிழ் நேசன் நாளிதழ் 1950-களின் தொடக்கத்தில் நடத்திய கதை வகுப்பையும் மலேசியத் தமிழ்ச் சிறுகதையையும் பற்றி இடுபணி எழுத வேண்டுமாம்.

“நூலகத்தில் ஒன்றுமே இல்லை, டீச்சர்.”

“விரிவுரையாளர் வழி சொல்லவில்லையா, தம்பி?”

“பாடத்திட்டத் தாளின் கடைசியில் நூலக ஆய்வு வழிகாட்டியின் சுட்டி இருக்கிறது. யாரும் திறப்பதில்லை.”

இருவரும் திறந்து பார்த்தோம். இன்ன துறைக்கு இன்ன தரவுத்தளம், இன்ன ஆய்விதழ் என்று நூலகர்கள் தொகுத்து வைக்கும் பக்கம் அது. நல்ல ஏற்பாடுதான். 1970-களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி. நூலகம் இதையே தாளில் செய்தது. 2007-இல் லிப்கைட்ஸ் மென்பொருள் வந்தபின் இணையத்தில் உலகெங்கும் பரவியது. ஆனால் அவன் காட்டிய பக்கத்தில் ஆங்கிலத் தரவுத்தளங்கள்தாம் வரிசைகட்டி நின்றன. தமிழில் எழுதப்போகும் பிள்ளைக்கு ஒரு வரி இல்லை!

உண்மையான சிக்கல் அதற்கடுத்துத்தான் தெரிந்தது. நூலகப் பட்டியலில் ‘சிறுகதை’ என்பதை அவன் ஆங்கில எழுத்தில் தட்டினான்: முதலில் எஸ், ‘த’வுக்கு டி-எச். ஒன்றும் வரவில்லை. பல பல்கலைக்கழக நூலகங்கள் தமிழ்த் தலைப்புகளை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் ஒலிபெயர்ப்பு முறைப்படி பதிகின்றன. அதில் ‘ச’வுக்கு சி, ‘த’வுக்கு டி மட்டும், ழகரத்துக்கு அடிக்கோடிட்ட எல். இசட்-எச் எழுதிப் பழகிய கைக்கு இது எப்படித் தெரியும்? சிலப்பதிகாரத்தைத் தேடினாலும் இதே கதிதான். (பகுதிநேரப் பட்டப்படிப்பின்போது நானும் இதில் ஒரு தவணை முழுவதும் முட்டி மோதினேன். என் உச்சரிப்பையே சந்தேகித்தேன்.) நான் சொன்னபடி மாற்றித் தட்டினான். நூல்கள் வந்தன.

இந்த ஒரு குறிப்பை வழிகாட்டியில் எழுத எவ்வளவு நேரம் ஆகும்? சிங்கப்பூர்த் தேசிய நூலகம் பழைய தமிழ் முரசு இதழ்களை மின்வடிவில் வைத்திருக்கிறது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. மதுரைத் திட்டம் 1998 முதல் இயங்குகிறது. இவற்றுள் ஒன்றேனும் அப்பக்கத்தில் இல்லை. தமிழ்ப் பகுதியை எழுதித் தருமாறு நூலகரைக் கேட்க வேண்டியவர் விரிவுரையாளர் அல்லவா? முதல் இடுபணியின்போது மாணவரோடு அமர்ந்து ஒருமுறை தேடிக் காட்டினால் குடியா முழுகிவிடும்? சுட்டியைத் தாளின் கடைசியில் ஒட்டிவிட்டு, பிறகு மேற்கோள் பட்டியல் சரியில்லை என்று மதிப்பெண்ணைக் குறைப்பது என்ன நியாயம்?

நாமும் யோக்கியர்கள் அல்லர். நான்காம் ஆண்டுப் பிள்ளையிடம் “இணையத்தில் தேடி ஒட்டி வா” என்கிறோம். அப்பா அலுவலகத்தில் விக்கிப்பீடியாவை அச்செடுத்து வருகிறார். நாம் அழகான அட்டைக்கு மதிப்பெண் போடுகிறோம். எங்கிருந்து எடுத்தாய் என்று நான் கேட்ட நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த மாணவனும் என் வகுப்பில் அப்படி ஒட்டியவன்தான்.

போகும்போது ‘ற’வுக்கு என்ன எழுத்து என்று கேட்டான். அடிக்கோடிட்ட ஆர் என்றேன். கோட்டை விட்டுவிட்டுத் தட்டினாலும் பெரும்பாலும் கிடைக்கும் என்றேன். கைப்பேசியில் குறித்துக்கொண்டு, தன் வகுப்பு வாட்சப் குழுவில் உடனே அனுப்பினான். அவன் வாசலைத் தாண்டுவதற்குள் மூன்று பேர் நன்றி சொல்லியிருந்தார்கள்.