கச்சைத் தோட்டா: தேவையா, வெறுங்கோலமா?

பெருவிலங்கு வேட்டைக்குரிய றைபிள் தோட்டாக்கள் பலவற்றின் அடிப்பாகத்தில், பித்தளைக் கோதைச் சுற்றித் தடித்த வளையம் ஒன்று அமைந்திருக்கும். அதனைக் கச்சை எனலாம். கச்சை இன்றேல் தோட்டா துவக்கின் அறையில் செவ்வனே பொருந்தாது என்பாரும், கச்சையே கோதுக்கு வலிமை தருகின்றது என்பாரும் உளர். நெடுங்காலம் நம்பப்பட்டமை ஒன்றே இக்கூற்றுக்களை மெய்யாக்கிவிடாது.

தீவகத்தார்க்கு இவ்விடயம் முற்றும் அந்நியமானதன்று. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இலங்கை யானைகளை உயிருடன் கப்பலேற்றிய துறை ஊர்காவற்றுறை. பிரித்தானியர் ஆட்சியிலோ யானை துவக்குக்கு இலக்காயிற்று. ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் பேரரசின் வேட்டைக்காரர் கேட்டவற்றைச் செய்து கொடுத்தே இலண்டன் துவக்குக் கம்பனிகள் வளர்ந்தன. கச்சையும் அங்கேதான் பிறந்தது.

துவக்கு வெடிக்கும்போது தோட்டா முன்னும் பின்னும் நகராது நிற்றல் வேண்டும். அறையினுள் தோட்டாவை முன்செல்லவிடாது தடுக்கும் இடத்துக்கும், பின்னால் அதனைத் தாங்கும் பூட்டின் முகத்துக்கும் இடையிலுள்ள தூரமே இங்கு முதன்மையானது. அத்தூரம் மிகுந்தால், அழுத்தத்தினால் கோதின் முன்பாகம் அறைச்சுவரைப் பற்றிக்கொள்ள, அடிப்பாகம் பின்னே தள்ளப்படும். இடையிலுள்ள பித்தளை இழுபட்டு மெலியும், ஈற்றில் அறும். அப்போது வெளிப்படும் சுடுவாயு சுடுவோனின் கண்ணையும் கெடுக்கவல்லது.

அத்தடையை மூவகையாக அமைக்கலாம். .303 தோட்டாவில் அடிவிளிம்பு தடுக்கும். 7.92 மி.மீ. மவுசர் தோட்டாவில் கோதின் தோளே தடுக்கும். மூன்றாவது வகையே கச்சை. ஹொலன்ட் அன்ட் ஹொலன்ட் கம்பனி 1912 இல் வெளியிட்ட .375 மக்னம் தோட்டாவின் கோது நீண்டு சரிந்தது. தோளும் மிகச் சாய்வானது. வெப்பநாட்டிலும் அது அறைக்குள் இலகுவிற் புகுந்து இலகுவில் வெளிவரவேண்டும் என்பதே நோக்கம். அத்தகைய தோளை மட்டும் நம்பலாகாது எனக் கருதிக் கச்சை சேர்க்கப்பட்டது. அன்று அதற்குக் காரணம் இருந்தது.

பின்வந்தோர் அக்காரணத்தைக் கைவிட்டுக் கச்சையை மட்டும் காத்துக்கொண்டனர். 1962 இல் வந்த 7 மி.மீ. றெமிங்டன் மக்னம், 1963 இல் வந்த .300 வின்செஸ்டர் மக்னம் ஆகியவற்றின் தோள்கள் தெளிவானவை. தோட்டாவை நிறுத்த அவையே போதும். எனினும் மக்னம் என்ற பெயருக்குக் கச்சை அணிகலனாயிற்று. வாங்குவோர் அதனை வலிமையின் அடையாளமாகக் கொண்டனர்.

கச்சையே வலிமையெனின், அதற்கு முந்திய ஆண்டில், 1911 இல், கச்சையின்றிப் பெருவிலங்குக்கெனவே வந்த .416 றிக்பி தோட்டாவுக்கு என்ன விளக்கம்? குமாவோனில் ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிய ஜிம் கோர்பெட்டின் .275 றிக்பியும் தோளினாலேயே நின்ற தோட்டா. ஈழப்போரில் எங்கும் ஒலித்த 7.62 மி.மீ. கலாஷ்னிகோவ் தோட்டாவிலும் கச்சை இல்லை. அழுத்தத்தைத் தாங்குவது கோதின் தடித்த திண்ணிய அடியும் துவக்கின் உருக்கும் ஆகும். வெளியிற் சுற்றிய வளையமன்று.

மிகையான உறுப்பு பயனற்றது மட்டுமன்று, தீங்கும் செய்யும். கச்சை தாங்கும் என்ற துணிவில் அறையின் தோட்பகுதியில் தளர்வு விடப்படுகின்றது. முதல் வெடியிலேயே கோது அவ்வளவுக்கு நீளும். கோதை மீண்டும் நிரப்புவோர் அதன் தோளைப் பழைய அளவுக்கே பின்தள்ளினால், ஒவ்வொரு வெடியிலும் அது மீள நீளும்; கச்சைக்குச் சற்று முன்னே மெலிந்து அறும். பட்டறிவுள்ளோர் கச்சையைப் பொருட்படுத்தாது, தோளையே அளவாகக் கொள்வதன் காரணம் இதுவே.

.458 வின்செஸ்டர் மக்னத்தின் கோதுக்குத் தோளே இல்லையே என மறுப்போர் கூறலாம். 1956 இல் வந்த அந்நேர்க்கோதுக்குக் கச்சையோ விளிம்போ வேண்டியதே. ஆனால் தோளற்றதற்குரிய ஊன்றுகோலைத் தோளுள்ளதற்கும் விதியாக்குதல் எவ்வாறு தகும்? வின்செஸ்டர் கம்பனியே 2001 இல் தன் .300 குறு மக்னத்தைக் கச்சையின்றி வெளியிட்டது. 2018 இல் வந்த .300 பீ.ஆர்.சீ. தோட்டாவும் அவ்வழியே சென்றது. செய்தவர்களே கைவிட்ட பின்னும் வாதாடுவோர் கைவிடாதிருப்பது விந்தையே.

நெடுந்தீவின் முருகைக்கல் வேலிகளில் சாந்து இல்லை. கல்லோடு கல் பொருந்திய பொருத்தமே அவற்றை நிறுத்துகின்றது. பொருத்தம் உள்ளவிடத்துக் கட்டு வேண்டாம் என்பதை அவ்வேலிகளைக் கட்டியோர் அறிந்திருந்தனர். ஒரு பொருள் ஏன் தோன்றியது, அக்காரணம் இன்றும் உண்டா என்னும் இரு வினாக்களையும் கேளாது பழைய உருவைப் பேணுதல் மரபு பேணலாகாது. துவக்கைப் பொறுத்தவரை அது ஆபத்துமாகும்.