கூடங்குளம் கற்பிக்கும் பாடம்

திருநெல்வேலி ஜில்லாவின் தென்கோடியிலுள்ள கூடங்குளத்தில் தலா 1000 மெகாவாட் சக்தியுள்ள இரண்டு அணு உலைகள் இயங்கிவருவதை யாவரும் அறிவர். அங்கே 2019-ம் வருஷம் நிகழ்ந்த சம்பவத்தை நம்மவர் பலர் மறந்துவிட்டனர். அது மறக்கத் தக்க விஷயமன்று.

அவ்வருஷம் செப்டம்பர் 4-ந் தேதி, அணுமின் கழகத்தின் கம்ப்யூட்டரில் தீய நிரலொன்று புகுந்திருப்பதாக, 'செர்ட்-இன்' என்னும் மத்திய சர்க்காரின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு ஸ்தாபனம் கழகத்துக்குத் தெரிவித்தது. ஜனங்களுக்கோ யாதொன்றும் தெரிவிக்கப்படவில்லை. அக்டோபர் இறுதியில் செய்தி வெளிப்பட்டபோது, பொய்த் தகவல் பரப்பப்படுகிறதென்று 29-ந் தேதி நிலைய அதிகாரிகள் மறுத்தனர். மறுநாளே, தீய நிரல் காணப்பட்டது மெய்தான் என்று கழகம் ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைக்காக இன்டர்நெட்டுடன் இணைந்திருந்த ஓர் ஊழியரின் கம்ப்யூட்டரே பீடிக்கப்பட்டதென்றும், உலைகளுக்குப் பாதகமில்லையென்றும் சமாதானம் கூறப்பட்டது.

உலைகள் தப்பியது குறித்து நாமும் சந்தோஷப்படுகிறோம். ஆயினும் 'டிட்ராக்' என்னும் அந்நிரலின் தொழில் உளவு பார்ப்பது. விசைகளில் தட்டும் எழுத்துக்களையும், கம்ப்யூட்டரிலுள்ள கோப்புகளின் ஜாபிதாவையும் திரட்டி எஜமானனுக்கு அனுப்புவது. வீட்டின் உள்ளறையைப் பூட்டிவிட்டுத் திண்ணையில் சாவிக்கொத்தை வைப்பவனை யாரேனும் புத்திசாலி என்பரோ? இன்டர்நெட்டுடன் இணைக்காதிருப்பது மட்டும் காவலாகாது என்பதற்கு ஈரானே சாட்சி. அந்நாட்டின் நதான்ஸ் அணு ஆலையைத் தாக்கி 2010-ம் வருஷம் வெளிப்பட்ட 'ஸ்டக்ஸ்நெட்' பென் டிரைவ் மூலமாகவே பரவவல்லது.

இது அணு நிலையத்துக்கு மட்டும் உரிய கவலையன்று. தாமிரபரணிக் கரையிலுள்ள தாலுகா கச்சேரிகள், கூட்டுறவு பாங்கிகள், ஆஸ்பத்திரிகள் அனைத்திலும் ஜனங்களின் பட்டாவும் பணமும் நோய்க் குறிப்பும் குமாஸ்தாவின் கம்ப்யூட்டர் வழியாகவே போய்வருகின்றன. 2017 மே மாதத்தில் 'வான்னாக்ரை' பிரிட்டிஷ் ஆஸ்பத்திரிகளை ஸ்தம்பிக்கச் செய்தது. அதற்கு மாற்றான திருத்தத்தை மைக்ரோஸாப்ட் கம்பெனி மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. மருந்து கையிலிருந்தும் உண்ணாததே குற்றம்.

செய்யவேண்டியவை அரிய காரியங்களல்ல. திருத்தங்களை உடனுக்குடன் ஏற்றவேண்டும். ஊழியருக்கு அவரவர் வேலைக்கு வேண்டிய அதிகாரத்துக்கு மேல் கம்ப்யூட்டரில் அளிக்கலாகாது. கண்ட பென் டிரைவையும் செருக இடங்கொடுக்கலாகாது. தஸ்தாவேஜுகளுக்குத் தனிப் பிரதி எடுத்து வேறிடத்தில் வைக்கவேண்டும். இவற்றை ஊழியருக்குத் தமிழில் போதிக்கவேண்டும்.

எல்லாவற்றினும் முக்கியமானது உண்மையை ஒளிக்காமை. தாக்குதலை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டுமென்று 2022 ஏப்ரலில் 'செர்ட்-இன்' உத்தரவிட்டது. நல்லதே, ஆனால் அது சர்க்காருக்குத் தெரிவிப்பதோடு நின்றுவிடுகிறது. ஒரு கச்சேரியில் திருடன் புகுந்ததை மறைத்தால், அடுத்த கச்சேரி கதவைத் திறந்துவைத்தே உறங்கும். உலையின் அருகே வாழும் பிரஜைகள், எட்டு வாரம் கழித்து, அதுவும் ஒரு மறுப்புக்குப் பின்னர், உண்மையை அறிய நேர்ந்தது நம் தேசத்துக்குக் கௌரவம் அளிப்பதன்று. ஜனங்களை நம்பாத அதிகாரம் ஜனங்களின் நம்பிக்கையை எதிர்பார்க்க நியாயமில்லை.