மழையில் செத்த 'மூளை': பழைய காருக்கு மறுபிறப்பு உண்டா?

சென்னை,

2024-ம் ஆண்டு அக்டோபர் மாதம். பெருமழை வரப்போகிறது என்று அறிவிப்பு வந்ததுதான் தாமதம். வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரம் முழுக்க கார்கள் வரிசை கட்டி நின்றன. போலீசார் அபராதம் போடப் போகிறார்கள் என்ற பேச்சும் கிளம்பியது. அப்படியும் காரை எடுக்க ஆள் வரவில்லை.

வெளியூர்க்காரர்கள் சிரித்தார்கள். வேளச்சேரிக்காரர்களுக்கு சிரிப்பு வரவில்லை. 2015 டிசம்பர் வெள்ளம் அவர்களுக்கு மறக்கவில்லை. 2023 டிசம்பரில் 'மிச்சாங்' புயல் வந்தபோது பள்ளிக்கரணையில் கார்கள் காகிதக் கப்பல் போல மிதந்து போனதை ஊரே பார்த்தது.

வெள்ளம் வடிந்தால் சீட்டை காய வைக்கலாம். ஆயிலை மாற்றலாம். ஆனால் 'மூளை' நனைந்தால்?

காரின் மூளை என்பது உள்ளங்கை அகலத்துக்கு கொஞ்சம் பெரிதான ஒரு பெட்டி. இ.சி.எம். என்றும் இ.சி.யூ. என்றும் சொல்வார்கள். மெக்கானிக்குகள் வாயில் அது 'கம்ப்யூட்டர்'. சில கார்களில் என்ஜின் பக்கத்திலேயே இருக்கும். சில கார்களில் டேஷ்போர்டுக்கு அடியில், முன் சீட்டில் உட்காருபவரின் காலருகே ஒளிந்திருக்கும். முழங்கால் அளவு தண்ணீர் போதும், ஆளை முடித்துவிடும்!

அந்தக் காலத்து அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் இந்தத் தொல்லை இல்லை. கார்ப்பரேட்டர் பெட்ரோலை கலந்து கொடுக்கும். பிளாட்டினம் பாயிண்ட் தீப்பொறிக்கு வழி செய்யும். வண்டி நின்றால் உப்புத்தாளால் இரண்டு தேய், கிளம்பிவிடும்.

2000-ம் ஆண்டு ஏப்ரலில் நாடு முழுவதும் புகைக் கட்டுப்பாடு இறுகியது. எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் தீப்பொறி என்று துல்லியமாக கணக்குப் போட்டால்தான் புகை அடங்கும். கார்ப்பரேட்டருக்கு அந்தக் கணக்கு வராது. பெட்டி வந்தது. என்ஜின் சூடு, சுழலும் வேகம், உள்ளே போகும் காற்று, ஆக்சிலேட்டர் அழுத்தம் எல்லாவற்றையும் சென்சார்கள் சொல்ல, பெட்டி கணக்குப் போட்டு கட்டளை கொடுக்கும். மைலேஜ் கூடியது. புகை குறைந்தது. கூடவே உப்புத்தாள் வைத்தியமும் ஒழிந்தது.

"மூளை போயிடுச்சு சார்!"

10, 15 வயதான கார் வைத்திருப்பவரை குலைநடுங்க வைக்கும் வார்த்தை இது. "மூளை போயிடுச்சு சார். புதுசு போட்டாத்தான் வண்டி நகரும்."

ஒன்றரை லட்சத்துக்கு விலை போகும் காருக்கு 40 ஆயிரத்தில் ஒரு பெட்டி என்று வைத்துக்கொள்வோம். யார் போடுவார்? நடுத்தர வர்க்கத்து ஆசாமி காரை காயலான் கடைக்கு தள்ளத்தான் நினைப்பார். இதில் வேடிக்கை என்னவென்றால், செத்ததாக சொல்லப்படும் பெட்டிகளில் பல சாகவே இல்லை.

என்ஜின் உயிர் பெறவில்லை என்றால் பியூஸ் போயிருக்கலாம். பெட்டிக்கு கரண்டு தரும் ரிலே ஒட்டாமல் இருக்கலாம். எர்த் ஒயர் துரு பிடித்திருக்கலாம். கிராங்க் சென்சார் என்று ஒன்று உண்டு. அது செத்தால் பெட்டி உயிரோடு இருந்தும் தீப்பொறி வராது. எலி ஒயரை கடித்து வைத்திருக்கவும் கூடும். இத்தனையையும் பார்க்க பொறுமையும், கையில் ஒரு மீட்டரும் வேண்டும். நேரே பெட்டி மீது பழி போடுவது சுலபம். கைதேர்ந்த ஆளாக இருந்தால், பெட்டிக்கு கரண்டும் எர்த்தும் வருகிறதா என்று பார்க்காமல் அந்த வார்த்தையை வாயில் எடுக்க மாட்டார்.

நிஜமாகவே சாகும் பெட்டிகளும் உண்டு. பேட்டரியை மாற்றி இணைத்து ஜம்ப் ஸ்டார்ட் செய்தால் போகும். பேட்டரியை கழற்றாமல் பாடியில் வெல்டிங் வைத்தாலும் போகலாம். ஷார்ட் ஆன இக்னிஷன் காயில், அதை இயக்கும் டிரான்சிஸ்டரை எரித்துவிடும். இந்தக் கடைசி கேசில்தான் பணம் இரட்டிப்பாக போகிறது. பழைய காயிலை அப்படியே விட்டு புது பெட்டி போட்டால், அதுவும் எரிந்துபோகும்!

வெள்ளத்தில் நனைந்த பெட்டி இன்னொரு ரகம். உடனே சாகாது. ஒயர் வழியாக ஈரம் மெல்ல ஏறும். செம்பில் பச்சை பூக்கும். "நம்ம வண்டி தப்பிச்சிருச்சு" என்று நிம்மதியாக இருப்பார்கள். வாரங்கள் கழித்து நடுரோட்டில் நிற்கும்.

புதுப்பேட்டையில் கிடைக்கும், ஆனால்...

புது பெட்டிக்கு வழியில்லை என்றால் சென்னைக்காரரின் கால் போகும் இடம் புதுப்பேட்டை. பிரித்த கார்களின் உறுப்புகள் குவிந்து கிடக்கும் இடம். பாதி விலைக்கும் கீழே பெட்டி கிடைக்கும் என்று நம்பிக்கையோடு போவார்கள்.

கிடைக்கலாம். அங்கேதான் அடுத்த சிக்கல். ஒரே மாடல் காராக இருந்தாலும் பெட்டி மேல் ஒட்டியிருக்கும் எண் மாறினால் உதவாது. ஏ.சி. உள்ள கார், இல்லாத கார், ஆட்டோமேட்டிக் கியர் என்று ஒவ்வொன்றுக்கும் எண் வேறுபடும். எண் பொருந்தினாலும் வண்டி ஓடும் என்று சொல்ல முடியாது. காரணம், சாவிப் பூட்டு.

கார் திருட்டை தடுக்க வந்த ஏற்பாடு இது. இம்மொபிலைசர் என்று பெயர். சாவியின் தலைக்குள் சின்ன சில்லு. அதன் ரகசிய எண் பெட்டிக்குள் பதிவாகியிருக்கும். இரண்டும் ஒத்துப்போனால்தான் என்ஜின் ஓடும். வேறு காரின் பெட்டியை மாட்டினால், அது அந்த காரின் சாவியைத்தான் தேடும். ஸ்டார்ட்டர் சுற்றும், என்ஜின் எடுக்காது. எடுத்தாலும் ஓரிரு நொடியில் பொசுக்கென்று அணையும். வாங்கியவர் "செத்த பெட்டியை தலையில் கட்டிட்டான்" என்று கடைக்காரரோடு மல்லுக்கு நிற்பார்.

2000-ஐ ஒட்டி வந்த முதல் தலைமுறை கார்கள் பலவற்றில் இந்தப் பூட்டு கிடையாது. அதே எண் உள்ள பெட்டியை மாட்டினால் ஓடிவிடும். பின்னால் வந்தவற்றுக்கு இரண்டு வழி. ஒன்று, கம்பெனி ஸ்கேனரை மாட்டி, ரகசிய எண்ணை கொடுத்து, சாவியையும் பெட்டியையும் அறிமுகம் செய்து வைப்பது. இன்னொன்று, செத்த பெட்டியை பிரித்து, உள்ளே இருக்கும் எட்டுக்கால் நினைவுச் சில்லை உருக்கி எடுத்து, அதில் உள்ள பதிவை வாங்கிய பெட்டிக்கு மாற்றுவது. இது பொற்கொல்லர் வேலை மாதிரி. கைநடுக்கம் கூடாது. சரியாக செய்தால், பழைய சாவியை போட்டு திருகியதும் வண்டி தன் சொந்தப் பெட்டி என்றே நம்பி கிளம்பிவிடும்.

டீசல் கார் என்றால் கூடுதலாக ஒரு வேலை. புதிய ரக டீசல் என்ஜின்கள் பலவற்றில் இன்ஜெக்டர் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு எண் பொறித்திருக்கும். அதையும் பெட்டியில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் வண்டி இருமும், புகை தள்ளும்.

பில் இல்லாமல் பெட்டி வாங்குவது ஆபத்து. திருட்டுக் காரில் கழற்றியது என்று தெரிந்தோ, அப்படி சந்தேகிக்க காரணம் இருந்தோ வாங்கினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவு பாயும். 3 ஆண்டு வரை ஜெயில். "எனக்கென்ன தெரியும்" என்பதை கோர்ட்டில் நிரூபித்துக்கொண்டு அலைய யாருக்கு நேரம்?

ஸ்கேனர் யார் கையில்?

இத்தனைக்கும் ஆணிவேர் ஒன்றுதான். பெட்டிக்கு பஞ்சமில்லை. அதை பழக்கும் ஸ்கேனரும் ரகசிய எண்ணும் கம்பெனி ஒர்க்ஷாப்புக்குள் பூட்டி இருக்கின்றன. தெருமுனை மெக்கானிக்குக்கு வேலை தெரிந்திருந்தாலும் கதவு திறக்காது. பெட்டி செத்ததால் குப்பைக்கு போன காரைவிட, பூட்டை திறக்க ஆள் இல்லாமல் குப்பைக்கு போகும் காருக்காகத்தான் வயிறு எரிகிறது.

இந்த விவகாரம் டெல்லி வரை போனது. 2014 ஆகஸ்டில் இந்திய போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்கு கிடைக்காமல் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. கம்பெனிகள் சும்மா இருக்குமா? அப்பீல், ஐகோர்ட்டு என்று ஏறின. பிறகு 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை 'ரிப்பேர் செய்யும் உரிமை' என்று ஒரு இணையதளம் திறந்தது. அதில் கார்களும் சேர்ந்தன. ஆனால் அது தகவல் பலகைதான். ரகசிய எண்ணை கொடுத்தே தீர வேண்டும் என்று கம்பெனியின் கையை முறுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை.

சரி, இன்சூரன்ஸ் இருக்கிறதே? 'காம்பிரிஹென்சிவ்' பாலிசியில் வெள்ளச் சேதம் அடங்கும். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருந்தால் பைசா கிடையாது. பழைய கார்காரர்களில் பலர் பிரீமியத்தை மிச்சம் பிடிக்க இந்த ரகம்தான் எடுக்கிறார்கள். முழு பாலிசி இருந்தாலும், 10 வயது தாண்டிய காரின் உலோக பாகங்களுக்கு தேய்மானம் என்று 50 சதவீதம் கழித்துவிடுவார்கள். மழையே இல்லாத நாளில் பெட்டி தானாக செத்தால் அது 'எலக்ட்ரிகல் கோளாறு'. பாலிசியில் இடமில்லை. தண்ணீரில் நின்ற காரை அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்து என்ஜினுக்குள் தண்ணீர் இழுத்துவிட்டால், தனியாக என்ஜின் பாதுகாப்பு எடுக்காதவரின் கதி அம்போ!

ஆகவே வெள்ளத்தில் நின்ற காரில் முதல் வேலை சாவியை திருகுவது அல்ல. பேட்டரி ஒயரை கழற்றுவது. கரண்டு ஓடாத பெட்டிக்கு தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் எமனாவதில்லை. கழற்றி, பிரித்து, சுத்தம் செய்து, நன்றாக உலர்த்தினால் பிழைத்துக்கொள்ளும் பெட்டிகளும் உண்டு.

பெட்டி செத்தே போனாலும் சரி. "பழசு இங்கேயே கிடக்கட்டும் சார்" என்று மெக்கானிக் சொன்னால் விட்டுவிட்டு வந்துவிடக்கூடாது. அந்த காரின் சாவி எண் அந்தச் செத்த பெட்டிக்குள்தான் இருக்கிறது.