வண்டி நிறையச் சீனப் பீங்கான்!

பூப்போட்ட பீங்கான் கிண்ணம் ஒன்று வீட்டில் இருந்தால் அதை எப்படிக் காக்கிறோம்! குழந்தைகள் தொட்டால் அம்மா அதட்டுகிறாள். விருந்தாளி வந்தால்தான் அது வெளியே வரும்.

அத்தகைய பீங்கான், மண்ணிலே கேட்பாரற்றுக் கிடந்த ஊர் ஒன்று உண்டு. தூத்துக்குடிக்குத் தெற்கே, தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்கு அருகில் உள்ள காயல்தான் அது.

700 ஆண்டுகளுக்கு முன்பு காயல் பெரிய துறைமுகம். பாண்டிய நாட்டு முத்து இங்கிருந்து போயிற்று. அரபு நாட்டுக் குதிரை இங்கே வந்து இறங்கிற்று. வெனிஸ் நகர யாத்திரிகர் மார்க்கோ போலோ இந்த ஊரைப் புகழ்ந்து எழுதினார். சீனாவில் பீங்கான் கிண்ணம் செய்யும் ஊரைப் பற்றியும் அதே நூலில் எழுதினார்.

கிண்ணம் மட்டுமா கடல் கடந்து வந்தது? 'பீங்கான்' என்ற சொல்லே பாரசீகத்திலிருந்து வந்ததுதான்!

பிற்காலத்தில் காயலுக்குச் சென்றவர் கால்டுவெல் பாதிரியார். எங்கு பார்த்தாலும் சீனப் பீங்கான் துண்டுகள்! நினைத்திருந்தால் ஒரு வண்டி நிறையச் சேர்த்திருக்கலாம் என்று 1881-இல் வெளிவந்த திருநெல்வேலி வரலாற்று நூலில் அவர் எழுதினார். ஆனால் பயன் என்ன? தலைமுறை தலைமுறையாக ஏர் உழுது உழுது, எல்லாம் பொடித் துண்டுகளாகிவிட்டன. அவை என்ன பாத்திரம், எந்தக் காலத்தவை என்று அவரால் சொல்ல முடியவில்லை.

சற்றுப் பெரிய துண்டாக இருந்தால் கதையே வேறு. வெள்ளைக் களிமண்ணில் கிண்ணம் வனைந்து, நீல வண்ணத்தால் பூ எழுதி, அதன்மேல் மெருகு பூசி, சுமார் 1,300 டிகிரி சூட்டில் சீனர்கள் சுட்டார்கள். மெருகுக்கு அடியில் இருப்பதால் அந்த நீலம் அழியாது. களிமண்ணையும் பூவையும் பார்த்தே அதன் காலத்தை அறிஞர்கள் சொல்லிவிடுவார்கள்.

இதற்குச் சான்றும் உண்டு. இதே முத்துக்கடற்கரையில், இராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் 1987-இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வு செய்தது. 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன. முறைப்படி தோண்டியதால் அவை வரலாறு ஆயின.

ஆகவே, கடற்கரைச் சகோதரர்களே! வயலை உழும்போதோ, வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ பூப்போட்ட துண்டு தென்பட்டால், 'உடைந்த ஓடுதானே' என்று வீசாதீர்கள். கிடைத்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமோ, தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள். இடம் தெரியாத துண்டு பாதி ஊமை.

காயலில் ஏர் முந்திக்கொண்டது. இனியாவது நாம் முந்திக்கொள்வோம்!