கொடிக்குக் கொம்பு

வானம் பார்த்த கரிசல் மண் சிவகாசி. அங்கு 1923-ஆம் ஆண்டில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது. பட்டாசுத் தொழில் பின்னர்ப் பெருகியது. 2018-இல் உச்சநீதிமன்றம் மாசு குறைந்த பட்டாசுகளை மட்டுமே அனுமதித்தபோது அத்தொழில் தள்ளாடிற்று.

நலியும் தொழிலுக்குப் பொதுப்பணத்தை வாரி வழங்குக என்பார் சிலர். வீழ்வது வீழட்டும் என்பார் வேறு சிலர். முன்னது மக்களின் வரிப்பணத்தை வீணாக்கும்; பின்னது ஏழையின் அடுப்பை அணைக்கும். நடுவழி ஒன்று உண்டு. அரசின் ஆராய்ச்சி நிறுவனமான ‘நீரி’ பசுமைப் பட்டாசுக்குரிய கலவையை வகுத்தளித்தது. அத்தகைய துணையே தக்கது.

மாணவர்களே! கொடிக்குக் கொம்பு நடுதல் கடமை. கொடியைத் தோளில் சுமத்தல் கடமையன்று. வெடி விபத்துகள் இன்றும் உயிர்களைக் குடிக்கின்றன. ஆதலின், பொதுப்பணம் முதலாளியின் நட்டத்தை ஈடுசெய்தற்கன்று. தொழிலாளியின் உயிரைக் காத்தற்கும் புதுத்திறன் புகட்டுதற்குமே செலவாதல் வேண்டும்.