சாவி கொடுத்தால் போதுமா?

"குடியிருப்போரைக் கூட்டிவைத்துக் கருத்துக் கேட்டால் திட்டம் முடியவே முடியாது, கட்டுங்கள், சாவியைக் கொடுங்கள்" என்கிறார்கள் சிலர். கண்ணகி நகரில் அதைத்தானே செய்தார்கள்?

2000 முதல் சென்னையின் ஆற்றோரங்களிலிருந்து பெயர்க்கப்பட்டு வந்த குடும்பங்களுக்கு அங்கே 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். மயிலாப்பூரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு, நடந்தே வந்து பிள்ளைக்குச் சோறு போட்ட பெண்ணுக்கு அதன்பின் பாதி நாள் பஸ்ஸிலேயே போனது. இதேபோல் குடியேற்றிய பெரும்பாக்கத்தில் எட்டு மாடி. லிஃப்ட் நின்றால் குடத்தோடு படியேற வேண்டும். மீன்கூடைக்காரி கூடையை எங்கே வைப்பாள்? வரைபடத்தில் அதற்கு இடமில்லை.

இதே சென்னையில் வேறு வழியும் இருந்தது. உலக வங்கிக் கடனில் 1977-இல் தொடங்கிய நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில், அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் அரசு மனை பிரித்து, சாலையும் தண்ணீரும் தந்தது. வீட்டை மக்களே வளர்த்துக்கொண்டார்கள்: முன்னறையில் கடை, காசு சேர்ந்ததும் மேலே ஒரு மாடி. மனையின் அளவை அங்கேயும் அதிகாரிகள்தான் முடிவுசெய்தார்கள். ஆனால் சுவரை எங்கே எழுப்புவது என்பதை அல்ல.

அடுத்த முறை ஆற்றோரத்துக்குக் கணக்கெடுக்க வருபவர்கள் தலையை எண்ணுவதோடு நிற்காமல், வேலைக்கு எங்கே போகிறீர்கள் என்றும் கேட்கட்டும்.